புலிக்கொடியும் கோப்பி மூடையும்

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் ஒருவரிடம் நல்ல வரலாற்று நாவல்கள் சிலவற்றின் பெயரைக் கூறுமாறு கேட்டால், வரும் விடையைக் கேட்பதற்கு முன்னரே எழுதி வைத்துவிடலாம். 'பொன்னியின் செல்வன்', 'சிவகாமியின் சபதம்', 'பார்த்திபன் கனவு'. சற்று மூத்தவராயின் 'யவன ராணி', 'கடல்புறா'. பரிசு பெற்ற நூல்களோடு ஓரளவு பரிச்சயமுடையவராயின் 'வேங்கையின் மைந்தன்'. 2022இல் 'பொன்னியின் செல்வன்' திரைப்படமாக வெளிவந்தபின் இப்பட்டியல் மேலும் இறுகிவிட்டது. யாழ்ப்பாணத்து மாணவரும் மட்டக்களப்பு மாணவரும் இதையே கூறுவர் என்பதில் வியப்பில்லை. பசறையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும், ஹாலிஎலயிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் வந்த மாணவரும் இதையே கூறுகின்றனர் என்பதே வியப்புக்குரியது. வியப்பு என்பதிலும் வெட்கம் என்ற சொல்லே இங்குப் பொருந்தும்.

கல்கியின் எழுத்தாற்றலை மறுப்பார் எவருமிலர். 1941 முதல் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக் காலம் வாரந்தோறும் இலட்சக்கணக்கானோரைக் காத்திருக்க வைத்த எழுத்து அது. தோட்டத்து லயங்களிலே மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி அமர்ந்து, எழுத்தறிந்த ஒருவர் படிக்க ஏனையோர் கேட்ட கதைகளுள் அவையும் அடங்கும். வாசிப்புப் பழக்கத்தை ஊட்டியமைக்காக ஒரு சமூகம் கல்கிக்குக் கடமைப்பட்டிருக்கலாம். ஆயின் கடமைப்பாடு வேறு, அடிமைப்பாடு வேறு. எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் எழுதி முடிக்கப்பட்ட தொடர்கதை ஒன்றே இன்றும் வரலாற்று நாவலின் உரைகல்லாக நிற்குமாயின், குறை கல்கியினுடையதன்று. அதற்குப்பின் வந்த எதனையும் தேடிப் படியாத வாசகருடையதும், படிப்பிக்காத விரிவுரையாளருடையதுமாகும்.

'பொன்னியின் செல்வ'னிலே வந்தியத்தேவன் கடல் கடந்து ஈழம் வருகின்றான். மாதோட்டத்திலே சோழர் படைத்தலைவரைக் காண்கின்றான். அந்த மாதோட்டம் மன்னார்க் கரையிலுள்ளது. அதே மன்னார்க் கரையிலேதான் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த ஏழை மக்கள் தோணிகளிலிருந்து இறங்கினர். இறங்கியவர்கள் காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழிநெடுக மடிந்தனர். மிஞ்சியோருள் ஒரு பகுதியினரின் வழித்தோன்றலே பதுளையிலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவர். ஒரே கடல், ஒரே கரை. எனினும் குதிரையேறி வந்த ஒற்றன் ஒருவனின் கற்பனைப் பயணம் அம்மாணவருக்கு மனப்பாடம். கால்நடையாய் வந்த கொள்ளுப்பாட்டனின் உண்மைப் பயணம் பற்றி ஒரு பக்கங்கூடத் தெரியாது.

இதில் இன்னொரு கேடும் உண்டு. அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' 1963ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. இராசேந்திர சோழன் பாண்டியரின் மணிமுடியைத் தேடி உரோகண நாட்டின்மீது படையெடுப்பது அதன் முக்கியமான நிகழ்ச்சி. உரோகணம் என்பது பழைய இலங்கையின் தென்கிழக்குப் பகுதி. இன்றைய ஊவாவும் அதனுள் அடங்கும். அதாவது, நமுனுகுலை மலையடிவாரத்திலே பிறந்த தமிழ் மாணவர், தாம் பிறந்த மண்ணையே எதிரி நாடாகக் காட்டும் கதையொன்றை, வெல்ல வந்தவனின் தோள்மீது ஏறி நின்று படித்து மகிழ்கின்றார். மறுபுறத்திலே, தோட்டத் தமிழரைச் சோழப் படையெடுப்பின் எச்சம் என்று கூறும் பேரினவாதப் பிரசாரமும் உண்டு. கொழுந்து கிள்ள வந்தவரைக் கொள்ளையிட வந்தவராகக் காட்டும் அப்பிரசாரத்துக்கு விடையிறுக்க வேண்டியவர்களே, தாமாக முன்வந்து புலிக்கொடியைத் தோளிற் சுமந்தால் என் செய்வது? 1977இலும் 1983இலும் லயங்கள் எரிந்தபோது எரித்தவர்கள் அகிலனைப் படித்திருந்தார்கள் என்று எவரும் கூறப்போவதில்லை. ஆயினும் இரு சாராரும் தத்தம் மன்னர்களின் பெயரால் ஒருவரையொருவர் அடையாளங் காணும் பழக்கம் வானத்திலிருந்து விழுந்ததன்று. அதனை வளர்த்த பண்டங்களுள் வார இதழ்ச் சரித்திரக் கதையும் ஒன்று.

"மன்னரில்லாத மக்களுக்கு வரலாறு ஏது? வரலாறில்லாத மக்களுக்கு வரலாற்று நாவல் ஏது?" என்ற வினா இங்கே எழும். மலையகத்தவர் சிலரே இவ்வாறு கேட்பதுதான் வேதனை. இவ்வினாவுக்கு விடை புதிதாகத் தேடப்பட வேண்டியதன்று. வரலாற்று நாவலின் மூலவர் எனப்படும் வோல்ற்றர் ஸ்கொட் 1814இலே வெளியிட்ட 'வேவர்லி' நாவல், அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தது என்பதனை அதன் துணைத்தலைப்பே கூறும். ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பாற் போகவேண்டும் என்ற நியதி அங்கில்லை. நெப்போலியனின் படையெடுப்பை எழுதிய தோல்ஸ்தோய் அதனின்றும் அரை நூற்றாண்டுத் தூரத்திலேயே நின்றார். 1937இலே வரலாற்று நாவல் பற்றிப் பெருநூல் எழுதிய ஜோர்ஜ் லூக்காச், பெருந்தலைவர்களைப் பின்னணியில் நிறுத்திச் சாதாரண மனிதனை நடுவில் நிறுத்தியதையே ஸ்கொட்டின் சாதனையாகக் கண்டார். கடந்தகாலத்தை நிகழ்காலத்தின் முன்வரலாறாகக் காட்டாத கதையை வேடமிட்ட கதையாகவே அவர் கருதினார். இந்த அளவுகோலை வைத்து நோக்குமிடத்து, தமிழிலே வரலாற்று நாவல் எனப் பெயர் பெற்றவற்றுட் பெரும்பகுதி அரண்மனை உடையணிந்த காதற் கதைகளே. க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' வெளிவந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் இதனை மீண்டும் எடுத்துரைக்க வேண்டியிருப்பது சலிப்பூட்டுகிறது.

இவ்விடத்திலே ஒன்று குறிப்பிடத்தக்கது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என ஆய்வாளர் கொள்ளும் 'மோகனாங்கி' 1895இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையைச் சேர்ந்தவர். அவர் எடுத்துக்கொண்ட களமோ நாயக்கர் காலத்துத் தமிழகம். ஈழத்தவர் கையிலே தொடங்கிய இவ்விலக்கிய வகை, தொடங்கும்போதே ஈழத்தை விட்டுக் கண்ணை எடுத்துவிட்டது! பிற்காலத்திலே செங்கை ஆழியான் போன்றோர் வடபுலத்து வரலாற்றுக்குத் திரும்பினர். மலைநாட்டின் பக்கம் பார்வை திரும்ப மேலும் காலம் சென்றது.

பட்டியல் ஒன்று வேண்டுமெனின், புதிய பட்டியலொன்று தமிழிலே இன்று உண்டு. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', அதன் தொடர்ச்சியான 'வானம் வசப்படும்' ஆகியன பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைக் காட்டுவன. ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பை அடித்தளமாகக் கொண்டு, ஆளுநர் முதற்கொண்டு தாசியர், அடிமைகள் வரை ஒரு நகரத்தின் நாளாந்த வாழ்வை அவை எழுப்பிக் காட்டுகின்றன. துபாசி ஒருவரின் கணக்கெழுத்திலிருந்து இத்துணை உயிரை எடுக்கலாமெனின், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் செக்ரோலிலிருந்து ஏன் எடுத்தல் இயலாது என்ற வினா இயல்பாகவே எழுகின்றது. பூமணியின் 'அஞ்ஞாடி' (2012) கரிசற்காட்டு உழைப்பாளரை நடுவே நிறுத்தி, 1899இன் சிவகாசிக் கலவரம் வரையும் அதற்கப்பாலும் செல்வது. பேச்சுமொழியின் அடர்த்தியால் முதல் நூறு பக்கங்கள் ஈழத்து வாசகரை இடர்ப்படுத்தும், பொறுத்தவர் பயன்பெறுவர். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008) மதுரையின் அறுநூறு ஆண்டுக் கதை. மன்னரிற் தொடங்கினும் களவையும் காவலையும் தொழிலாகக் கொண்ட ஓர் ஊரிலே வந்து நிலைகொள்வதனாலேயே அது சிறக்கின்றது. நீளத்திற் கால்வாசியைக் குறைத்திருக்கலாம் என்பது வேறு விடயம்.

இவை யாவற்றினும் மலையக மாணவர் முதலிற் படிக்க வேண்டியது ஜெயமோகனின் 'வெள்ளை யானை' (2013). 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த தாது வருடப் பஞ்சத்தையும், சென்னைப் பனிக்கட்டிக் கிடங்கின் தலித் தொழிலாளர் வேலை நிறுத்தத்தையும் அயர்லாந்து நாட்டு அதிகாரி ஒருவனின் கண்ணாற் காட்டுவது அது. அப்பஞ்சத்துக்குத் தப்பியோடிய மக்கள் திரளின் ஒரு கிளையே கண்டிச் சீமைக்கு வந்தது. அந்நாவல் சென்னையோடு நின்றுவிடுகின்றது. அது நின்ற இடத்திலிருந்து மடுல்சீமையின் கதை தொடங்குகின்றது. ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றி பி. எச். டானியல் 1969இலே ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேளால் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கப்பட்ட நாவலும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. மலேசியத் தமிழரோ சயாம் மரண ரயிற்பாதையின் கொடுமையை ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி முதலியோர் வழியாக நாவலாக்கி வைத்துள்ளனர். மொரிசியசுத் தீவின் கரும்புத் தோட்டத்துக்கு வந்தோரின் வரலாற்றை அபிமன்யு அனத் 1977இல் இந்தியிலே 'லால் பசீனா' என எழுதினார். ஒரே காலத்தில், ஒரே வகைப் பஞ்சத்தினால், ஒரே பேரரசின் கப்பல்களிலும் தோணிகளிலும் சிதறடிக்கப்பட்டோர் இவர்கள்.

மலையகத்தில் ஒன்றுமே எழுதப்படவில்லையா எனின், அவ்வாறு கூறுதல் நன்றிகேடாகும். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) தமிழகக் கிராமத்திலிருந்து தோட்டம் வந்த பெண்ணொருத்தியின் வழியே தலைமுறைகளைக் காட்டியது. மாத்தளை சோமுவின் 'கண்டிச் சீமை', மு. சிவலிங்கத்தின் 'பஞ்சம் பிழைக்க வந்த சீமை' ஆகியன கோப்பிக் காலத்துக்குத் துணிந்து திரும்பிச் சென்ற நாவல்கள். இவை பல்கலைக்கழக விடுதி அறைகளிலே காணப்படாமை விடுதி அறைகளின் குறை. இவ்வகை நாவல்களிலே ஆவணப்படுத்தும் ஆர்வம் கதையை மீறும் இடங்கள் உள. பாத்திரங்கள் வரலாற்றுப் பாடம் ஒப்புவிக்கும் இடங்களும் உள. ஆயினும் பிறர் வெட்டிய பாதையிலே நடப்பவருக்கும் பாதை வெட்டியவருக்கும் வெவ்வேறு அளவுகோல்கள் வேண்டும்.

பதுளை மண் ஈந்த பெரும் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப். 1934இல் ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே பிறந்து 2022இல் மறைந்த அவரது 'காலங்கள் சாவதில்லை' 1974இலே வெளிவந்தபோது சமகால நாவல். அந்தப் பிரட்டுக் களமும், துரை பங்களாவின் அதிகாரமும், கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாவதற்கு முந்திய அந்த உலகமும் இன்று இல்லை. ஸ்கொட்டின் அறுபது ஆண்டுக் கணக்குப்படி அது வரலாறாக இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. ஆனால் ஜோசப் தம் காலத்தை எழுதினார். அவருடைய பாட்டன் காலத்தை எழுதும் பொறுப்பை அவர் தலையிலேயே சுமத்திவிட்டு ஏனையோர் ஒதுங்கிக்கொள்ள இயலாது.

ஊவாவிலே என்ன இருக்கின்றது எழுதுவதற்கு? 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இரண்டே ஆண்டுகளில், 1817இலே, ஊவாவும் வெல்லசவும் எழுந்தன. அக்கிளர்ச்சி யாருடைய பெயரால் எழுந்தது என்பதை இன்று மேடைகளிலே முழங்குவோர் பெரும்பாலும் கூறுவதில்லை. வில்பாவே என்பவர் தம்மை நாயக்கர் அரச குடும்பத்தைச் சேர்ந்த துரைசாமி என அறிவித்துக்கொண்டே அரசுரிமை கோரினார். ஊவாவின் சிங்கள விவசாயிகள் ஒரு துரைசாமியின் பெயரால் ஆங்கிலேயனை எதிர்த்துச் செத்தனர். பதுளையிலிருந்த ஆங்கில அதிகாரி சில்வெஸ்ரர் வில்சன் கொல்லப்பட்டார். அடக்க அனுப்பப்பட்ட திசாவை கெப்பெற்றிப்பொல கிளர்ச்சியாளருடன் சேர்ந்து, 1818 நவம்பரில் கண்டியிலே தலையிழந்தார். ஆங்கிலப் படை நெல்லை எரித்தது, மாடுகளைக் கொன்றது, குளங்களையும் வாய்க்கால்களையும் அழித்தது.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் எஞ்சிய காடுகளை விற்பனைப் பண்டமாக்கியது. அந்நிலத்திலே கோப்பி நட, கடலுக்கு அப்பாலிருந்து பசித்தவரைக் கொணர்ந்தனர். நிலமிழந்த விவசாயியும் ஊரிழந்த கூலியும் ஒரே மலைச்சரிவிலே, ஒருவரையொருவர் அறியாமல், ஒருவரை மற்றவர் காரணமெனக் கருதும்படி எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். இதனை ஒரே நாவலுக்குள் வைத்துக் காட்டும் ஒருவர், நூறு நல்லிணக்கக் கூட்டங்கள் செய்யாததைச் செய்வார்.

இனி 1869. கோப்பிச் செடியின் இலைநோய் இலங்கையிலே முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது ஊவாவின் மடுல்சீமையில், அந்த ஆண்டில். இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூளாகத் தொடங்கிய அந்நோய் இருபது ஆண்டுகளுக்குள் ஒரு பெருந் தொழிலையே தின்றுவிட்டது. 1884இலே ஓரியன்ரல் வங்கி முறிந்தது. விசித்திரம் யாதெனில், அதே 1869இலேதான் ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. கோப்பிப் பயிர்ச்செய்கையைத் தோட்டத்து மேலாளர் பக்கம் நின்று புகழ்ந்து பாடும் நூல் அது. மேலே கும்மி, கீழே இலையில் நோய். இதனைவிடச் சிறந்த தொடக்கத்தை எந்த நாவலாசிரியர் கற்பனை செய்துவிட முடியும்? கோப்பி விழுந்தபோது கூலி நிலுவையோடு கைவிடப்பட்டவர்கள் யார், திரும்பி நடந்தவர்கள் எத்தனை பேர், தங்கியவர்கள் ஏன் தங்கினர்? கோப்பிக்குப் பருவந்தோறும் வந்துபோன ஆண்களின் கூட்டம், தேயிலைக்கு ஆண்டு முழுதும் கை வேண்டியிருந்தமையால், பெண்களும் குழந்தைகளுமாய் லயத்திலே நிலைத்த சமூகமாக மாறியது அந்தக் காலத்திலேதான். மலையகத் தமிழர் எனும் சமூகம் பிறந்த கணம் அது. அந்தக் கணத்துக்கு ஒரு நாவல் போதாது, பல வேண்டும்.

ஏனையவற்றை விரைந்து கூறலாம். யானைகளைச் சுட்டே பெயர்பெற்று, 1845இலே அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் றொஜர்ஸ். அவர் நினைவாக இன்றும் பதுளையிலே நிற்கும் தேவாலயம். 1890இலே தம்பேதன்னையை வாங்கிய தோமஸ் லிப்டன். 1924இலே பதுளையை எட்டிய புகையிரதப் பாதை. 1940 மே மாதத்திலே வேவஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் வேலை நிறுத்தஞ் செய்து, தாமே தெரிந்தெடுத்த குழுவைத் துரை கலந்தாலோசிக்கும்படி செய்து, அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களைப் பறித்த நிகழ்ச்சி. தோட்டத் தொழிலாளி எப்போதும் குனிந்தே நின்றவன் என்று நம்புவோர் வேவஸ்ஸவைப் பற்றிக் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்கும்படி எழுதியவரும் குறைவு.

தெமோதரையிலே புகையிரதப் பாதை வளைந்து தன் கீழே தானே நுழைந்து செல்லும் அமைப்பு உலகறிந்தது. அதனை வகுக்கும் வழி தோன்றாதிருந்த பொறியியலாளருக்கு, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகை சுற்றிய விதத்தினால் அந்த எண்ணம் பிறந்ததாகச் செவிவழிக் கதையொன்று உண்டு. உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டிகள் இதனைச் சொல்லிச் சிரிப்பர். உண்மையோ பொய்யோ, அக்கதையிலே பொறியியலாளருக்குப் பெயர் இருக்கின்றது. கங்காணிக்குத் தலைப்பாகை மட்டுமே இருக்கின்றது.

சான்றுகள் இல்லை என்போர் உளர். சான்றுகள் ஆங்கிலத்திலே இருக்கின்றன, அவையும் துரைமாரின் நோக்கிலே எழுதப்பட்டவை என்பது மெய். ஆயின் ஹேர்பேட் வைற் 1893இலே வெளியிட்ட ஊவா மாகாணக் கைந்நூலைப் படிப்பதற்குத் தமிழ்த்துறை மாணவருக்குத் தடையேதும் இல்லை. துரையின் எழுத்தைத் துரைக்கு எதிராகவே படிக்கும் பயிற்சிக்குத்தானே கலைப்பீடம் இருக்கின்றது? சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் உள. காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் ஆடும் தோட்டங்கள் ஊவாவில் உள. ஆடுவோரிடம் தலைமுறைக் கதைகள் உள. கங்காணிக்குத் தந்த தலைக்காசும், தொழிலாளியைக் கடனிற் கட்டிப்போட்டு 1921இலே ஒழிக்கப்பட்ட துண்டு முறையும் எவ்வாறு இயங்கின என்பது ஏடுகளிலே விரிவாக உண்டு. சாதியும் அங்கே உண்டு. அதனை மறைத்து எல்லோரும் சமமாகத் துன்புற்றனர் என எழுதும் நாவல், கங்காணி வீட்டுப் பின்கட்டிலே எழுதப்பட்ட நாவலாகவே இருக்கும்.

"துன்பக் கதைகள் அலுத்துவிட்டன, படிப்பவர் சற்று மகிழ வேண்டாமா?" என்பது இறுதியாக வரும் வாதம். சோர்வாற் பிறந்த இவ்வாதத்தை எள்ளி நகையாடுதல் தகாது. நாள் முழுவதும் மலையேறிய தாயின் மகள் மாலையிலே குந்தவையின் அரண்மனைக்குள் நுழைய விரும்புவதில் குற்றமில்லை. குற்றம், அந்த அரண்மனையே அவளுடைய கடந்தகாலம் என்று அவளை நம்பவைப்பதிலே உள்ளது. மேலும், தோட்டத்தின் கடந்தகாலம் முழுவதும் ஒப்பாரி என்று யார் சொன்னது? பறித்த துப்பாக்கிகளைக் கையிலேந்தி நின்ற வேவஸ்ஸவின் ஒரு பகற்பொழுதிலே சிரிப்பு இருந்திராதா?

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியது. மனிதரோடு சேர்ந்து புதையுண்டவற்றுள் கடிதங்களும், நிழற்படங்களும், பிறப்புத் துண்டுகளும் இருந்திருக்கும். மலை சரியாத தோட்டங்களிலும் அவை கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனவும், 3,00,000 பேரை இலங்கைக்கு எனவும் பங்கிட்டபோது பத்து வயதாயிருந்தவர் இன்று எழுபதைக் கடந்தவர். ஒப்பாரிக் கோச்சி என மக்கள் பெயரிட்ட புகையிரதங்கள் மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்டதை நேரிற் கண்டவர்கள் அவர்கள். பெட்டிக்குள் எதனை வைத்தார்கள், எதனை விட்டுச் சென்றார்கள், நாயை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்பதை அவர்களிடம் இன்னும் கேட்கலாம். அடுத்த விடுமுறைக்குப் பதுளைப் புகையிரதத்தில் ஏறும் மாணவரின் பையிலே 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும் இருக்கட்டும். ஒரு வெற்றுக் குறிப்பேட்டுக்கும் அதில் இடமிருக்கும்.